தோற்றவர் நெஞ்சம்

2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விஷ்ராந்த்வாடியில் நாங்கள் மூவர் குடியிருக்கும் மாடியறையில் விடியுமுன்பே விளக்கு எரிந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து அரங்கில் நம் நாட்டு வீரர் அன்ஷுல் ஜூப்ளி அன்று மோதவிருந்தார். கைபேசியைச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். தேநீருக்குப் பாலை அடுப்பில் ஏற்றினோம். பால் பொங்கவில்லை. அதற்குள் போட்டி முடிந்துவிட்டது. எதிர்நின்ற க்வில்லன் சால்கில்டின் குத்து விழுந்தது, நம்மவர் சாய்ந்தார். எல்லாம் 19 வினாடி.

நான் சிரித்தேன். சிரித்ததோடு நின்றேனா? “பால் பொங்குமுன் படுத்துவிட்டார்” என்று மோனை நயத்தோடு ஒரு வரி எழுதி, நண்பர் குழுவுக்கும் அனுப்பினேன். பலர் பாராட்டினார்கள். அறையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இவ்வூரிலேயே ஒரு பயிற்சிக்கூடத்தில் அதே கலையைப் பயில்பவர். இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் உள்ளூர்ப் பந்தயத்தில் எல்லாரும் பார்க்க மயங்கி விழுந்தவர். அதன்பின் மூன்று வாரம் அவர் சரியாக உண்ணவில்லை. பகலிலும் திரையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தார். பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுந்தார். ‘ஒரு தோல்விக்கே இப்படியா?’ என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அன்று அவர் என்னைப் பார்த்து, “உனக்கு அது 19 வினாடி. அவருக்கு எத்தனை மாதமோ!” என்று மட்டும் சொல்லிவிட்டு, பொங்கி வழிந்த பாலை இறக்கி வைத்தார்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. விலங்கியல் பயிலும் மாணவன் நான். தோற்றவர் உடலிலும் உள்ளத்திலும் நடப்பது என்ன என்று நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். அறிந்தவற்றை மன்றத்து நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

கூண்டுக்குள் ஒரு போர்

எம்.எம்.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் கலப்புப் போர்க்கலையில் குத்துச்சண்டை, உதைச்சண்டை, மற்போர், ஜூடோ, ஜியு-ஜிட்சு ஆகிய எல்லாம் கலந்திருக்கின்றன. இதன் பெரிய நிறுவனமாகிய யு.எஃப்.சி., 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதற்போட்டியை நடத்தியது. எண்கோணக் கூண்டுக்குள் இருவர் மோதுவர். சுற்றுக்கு ஐந்து நிமிடம். பெரும்பாலும் மூன்று சுற்று, பட்டப் போட்டியாயின் ஐந்து. எதிரி மயங்கி வீழ்ந்தால் வெற்றி. பிடியில் சிக்கியவர் வலி தாளாமல் கையால் தட்டிப் பணிந்தாலும் வெற்றி. இரண்டும் நிகழாவிடில் நடுவர் தீர்ப்பு.

இந்த விதிகளிலேயே அவமானத்தின் விதை இருக்கிறது. கால்பந்தில் தோற்றால் பதினொருவர் பங்கிட்டுக் கொள்ளலாம். கிரிக்கெட்டில் தோற்றால் ஆடுகளத்தைக் குறை கூறலாம். இங்கோ தோற்றவர் ஒருவரே. மேலாடையின்றி, நினைவின்றி, விளக்கொளியில் கிடக்கிறார். தாம் வீழ்ந்ததை அவரே பல வேளை அறிவதில்லை. பிறர் கைபேசியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். அந்தக் காட்சியை உலகம் திரும்பத் திரும்பப் பார்க்கிறது.

உத்தரகண்ட் மாநிலத்தவரான ஜூப்ளி, 2023 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் ஜெகா சாரகியை வென்று யு.எஃப்.சி.க்குள் நுழைந்தவர். அதுவரை அவர் தோல்வியே காணாதவர். அன்று நாம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினோம். அதே ஆண்டு அக்டோபரில் அபுதாபியில் மைக் பிரீடனிடம் மூன்றாம் சுற்றில் வீழ்ந்தார். அடுத்ததுதான் சிட்னி. அவர் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்க நமக்கு உரிமையில்லை. தாமே வாய்திறந்து தம் துன்பத்தைச் சொன்ன வேறு இருவரைக் கேட்போம்.

சொன்னவர் இருவர்

முதலாமவர் அமெரிக்க வீராங்கனை ரோண்டா ரௌசி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வென்றவர், யு.எஃப்.சி.யின் முதல் பெண் வாகையர். 2015 பிப்ரவரியில் ஓர் எதிரியை 14 வினாடியிலும், ஆகஸ்டில் மற்றொருவரை 34 வினாடியிலும் வென்றார். அவரை வெல்ல யாரும் இல்லை என்றே உலகம் நம்பியது, அவரும் நம்பினார். அந்த நவம்பரில் மெல்போர்ன் நகரில் 56,000க்கு மேற்பட்டோர் முன்னிலையில், ஹோலி ஹோல்ம் என்ற முன்னாள் குத்துச்சண்டை வாகையரின் கால் அவர் கழுத்தோரம் பாய்ந்தது. இரண்டாம் சுற்றில் எல்லாம் முடிந்தது. ஊர் திரும்பியபோது, விமான நிலையத்தில் தலையணையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அன்று மருத்துவ அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தபோது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தமக்கு வந்ததென்று கண்ணீரோடு கூறினார். வாகையர் என்பது போய்விட்டால் தாம் யார் என்ற கேள்விக்கு அவரிடம் அப்போது விடையில்லை. 2016 டிசம்பர் 30இல் மீண்டும் களம் புகுந்தார். அமண்டா நூனெஸ் 48 வினாடியில் அவரை வீழ்த்தினார். ஜூடோ பயின்ற சிறுவயது முதலே தமக்குப் பலமுறை மூளை அதிர்ச்சி நேர்ந்ததையும், அதைப் பல்லாண்டு மறைத்து வந்ததையும் 2024இல்தான் அவர் வெளிப்படுத்தினார்.

இரண்டாமவர் நம் நாட்டவர்: மற்போர் வீராங்கனை வினேஷ் போகாட். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயமுற்றுத் தூக்கிச் செல்லப்பட்டார். மீண்டு வந்து 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தம் எடைப்பிரிவின் முதல் தரவரிசையோடு களம் இறங்கினார். காலிறுதியில் பெலாரஸ் நாட்டு வனேசா கலாட்சின்ஸ்கயாவிடம் வீழ்ந்தார். சில நாளில் மல்யுத்தக் கூட்டமைப்பு ஒழுங்கு மீறல் என்று கூறி அவரைத் தற்காலிகமாக விலக்கியும் வைத்தது.

அப்போது அவர் ஓர் ஆங்கில நாளிதழில் மனம் திறந்தார். 2017இல் நேர்ந்த மூளை அதிர்ச்சிக்குப்பின் கண் மங்கும் துன்பம் இருந்ததையும், மனச்சோர்வோடு தாம் போராடி வந்ததையும் சொன்னார். அன்று முறிந்தது கால், இன்று முறிந்தது நான் என்ற பொருள்பட எழுதினார். அதே ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் மனநலம் கருதிப் போட்டியிலிருந்து விலகியதைச் சுட்டி, இந்தியாவில் ஒருவர் அப்படிச் சொல்லத்தான் முடியுமா என்று கேட்டார்.

இருவர் கூற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மூன்று காயங்கள் தெரிந்தன. ஒன்று மூளையில், ஒன்று ‘நான்’ என்னும் எண்ணத்தில், ஒன்று பிறர் பார்வையில்.

முதற்காயம்: மூளை

தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் ஓடு உடையாமலே உள்ளே நீர் அலையும். மண்டையோட்டின் கதையும் ஏறத்தாழ அதுவே. சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை உள்ளே நீர்மத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தாடையில் குத்து விழுந்து தலை வெடுக்கென்று சுழலும்போது, மூளையின் நரம்பணுக்களிலிருந்து நீளும் மெல்லிய இழைகள் இழுபட்டு முறுக்குகின்றன. அணுவுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது. வெளியே இருக்கவேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இக்குழப்பத்தைச் சீர்செய்ய அணு மிகுந்த ஆற்றலைச் செலவிட வேண்டும்; அந்நேரம் பார்த்து மூளைக்கு வரும் இரத்த ஓட்டமோ குறைகிறது. வரவு சுருங்கிய மாதத்தில் செலவு பெருகிய குடும்பத்தின் நிலை அது.

இதனால் தலைவலி, வாந்தி, வெளிச்சத்தைக் கண்டு கூசுதல், தூக்கக்கேடு, எரிச்சல், சோர்வு, காரணமின்றி அழுகை ஆகியன வரலாம். சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தெரியாததால் “ஒன்றுமில்லை” என்கிறோம். நெற்றி பிளந்திருந்தால் ஓடிப்போய்க் கட்டுப் போடுகிறோம். உள்ளே இழை இழுபட்டவரை “மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்கிறோம்!

குத்துச்சண்டைக்காரர்களுக்குப் பிற்காலத்தில் வரும் தள்ளாட்டத்தையும் நினைவுக் கேட்டையும் பற்றி 1928இலேயே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதினார். பலமுறை மூளை அதிர்ச்சி பெற்றவர்களிடம் மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படுவதைப் பின்வந்த ஆராய்ச்சிகளும் காட்டின. தோல்விக்குப்பின் வரும் துயரம் முழுவதும் தோல்வியால் வந்ததென்று எண்ணிவிடக் கூடாது. அதில் ஒரு பங்கு தலையில் பட்ட அடியினுடையது.

திரையை மூடிக்கொண்டு படுத்த எங்கள் நண்பருக்கு வெளிச்சம் கூசியிருக்கிறது! நாங்கள் அதை வெட்கம் என்று எண்ணினோம். எரிச்சலைத் திமிர் என்றோம். மருத்துவர் சொல்வது வேறு. முதல் ஓரிரு நாள் ஓய்வு. பின்னர்ச் சிறு நடை. பின்னர்ப் படிப்படியாக உழைப்பு. முற்றும் குணமாகும்வரை தலையில் மறுபடி அடி படலாகாது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஓய்வு இருக்கிறது. விச்ராந்தி என்பது தமிழரும் அறிந்த சொல். வாடி என்றால் சிற்றூர். இளைப்பாறும் ஊரில் இருந்துகொண்டே நண்பருக்கு இளைப்பாறல் மறுத்தோம்.

இரண்டாம் காயம்: ‘நான்’

என் துறையிலிருந்து ஒரு செய்தி. சுவர்க்கோழியை எல்லாரும் அறிவீர்கள். இரவில் ஓயாமல் கத்தும் சிறு பூச்சி. ஆண் சுவர்க்கோழிகள் இரண்டு சேர்ந்தால் சண்டையிடும். தோற்றது பின்னர் எந்த ஆணைக் கண்டாலும் ஒதுங்கும். ஒரு நாள் வரையிலும் அந்த ஒடுக்கம் நீடிக்கும். ஆனால் தோற்ற பூச்சியைச் சிறிது நேரம் பறக்க விட்டால் மீண்டும் சண்டைக்கு நிற்கிறது என்று ஹான்ஸ் ஹாஃப்மன், பால் ஸ்டீவன்சன் என்ற ஆராய்ச்சியாளர் இருவர் 2000ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். சுவர்க்கோழிச் சண்டை நடத்தும் சீனர்கள், தோற்ற பூச்சியைக் கையில் குலுக்கி மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கும் பழக்கத்தை நெடுங்காலமாகவே கொண்டிருந்தார்கள்.

தோல்வி உயிரின் உடலையே சிலகாலம் மாற்றுகிறது என்பது இதனால் விளங்கும். பூச்சிக்கும் உண்டான ஒடுக்கத்தை மனிதனிடம் கண்டு கோழைத்தனம் என்று பழிப்பது அறிவன்று. மற்றொன்றும் விளங்கும். அடைத்து வைத்தால் ஒடுக்கம் நீடிக்கிறது. தனக்கியல்பான வேறொரு செயலில் ஈடுபட்டதும் அது நீங்குகிறது.

மனிதன் பூச்சியல்லன். சுவர்க்கோழி ஒரு நாளில் மீள்கிறது. அதன் தோல்வியைப் படம் பிடித்து அதனிடமே காட்டுவார் இல்லை. மனிதனுக்கோ நினைவு உண்டு. ‘நான் இன்னார்’ என்ற கதையும் உண்டு. ஏழு வயது முதல் ஒன்றையே பயின்று, அதிலேயே புகழ்பெற்று, அதுவே தானென்று ஆனவர், அதில் வீழும்போது ஒரு போட்டியை மட்டும் இழப்பதில்லை. தம்மையே இழந்ததாக எண்ணுகிறார். வீடு முழுவதையும் ஒரே தூணில் நிறுத்தினால், தூண் சாயும்போது வீடும் சாயும். மகளாக, தோழனாக, ஆசிரியராக, பாடுபவராக வேறு தூண்களும் இருந்தால் கூரை தாங்கும்.

இது கூண்டுக்குள் நிற்பவர் கதை மட்டுமா? “ஊரிலே முதல் மாணவன்” என்ற ஒரே தூணோடு ரயிலேறிப் புனேக்கு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! சென்ற ஆண்டு நெட் தேர்வில் நான் தவறினேன். நான்கு நாள் விழுப்புரத்திற்குத் தொலைபேசியில் பேசவில்லை. ஐந்தாம் நாள் அப்பாவே அழைத்தார். “சாப்பிட்டாயா?” என்றுதான் கேட்டார், தேர்வைப் பற்றிக் கேட்கவேயில்லை. அன்றிரவுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

மூன்றாம் காயம்: பிறர் பார்வை

முதல்நாள் போரில் தோற்று வெறுங்கையோடு இலங்கைக்குத் திரும்பும் இராவணனைக் கம்பர் காட்டுகிறார். விண்ணோர் எள்ளுவதும் மண்ணோர் எள்ளுவதும் அவனை வாட்டவில்லையாம். சீதை எள்ளுவாளே என்ற நாணந்தான் வாட்டியதாம். அடியின் வலியைவிடப் பார்ப்பவர் சிரிப்பின் வலி பெரிது என்பதை அக்கவிஞர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறார்!

வரலாற்றுக்கு வருவோம். வெண்ணிப் பறந்தலையில் சேரமான் பெருஞ்சேரலாதன் சோழன் கரிகாலனோடு பொருதான். மார்பில் பாய்ந்த வேல் முதுகிலும் புண் செய்தது. புறப்புண் பட்டதற்கு நாணி, வாளோடு வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமலே உயிர்நீத்தான். புறநானூற்றின் 65ஆம் பாட்டும் 66ஆம் பாட்டும் இச்செய்தியைக் கூறுகின்றன. பட்டிமன்றங்களில் இதைத் தமிழரின் மானத்துக்குச் சான்றாக முழங்குகிறோம். நானும் பள்ளியில் முழங்கிப் பரிசு பெற்றவன்.

இன்று அப்பாடல்களைப் படிக்கும்போது வேறொன்று கண்ணிற்படுகிறது. 66ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக்குயத்தியார். அவர் வென்ற கரிகாலன் முகத்துக்கு நேரே, தோற்றவன் உன்னினும் நல்லன் அல்லனோ என்று கேட்கிறார். வெற்றியாளன் அவையில் தோற்றவனைப் போற்றிய அந்தத் துணிவு வணங்கத்தக்கது. ஆயினும் என் மனம் ஒன்றை எண்ணி ஏங்குகிறது. அந்தப் பாராட்டு, அவன் வடக்கிருக்கத் தொடங்குமுன் அவன் செவியில் விழுந்திருக்கலாகாதா? “முதுகுப் புண் மார்பில் நுழைந்த வேலின் புண், நாங்கள் அறிவோம், எழுந்து வா” என்று சொல்ல ஒருவர் அருகில் இருந்திருக்கலாகாதா?

மானம் பெரிது; மறுக்கவில்லை. பொய் சொல்ல நாணுவதும், வஞ்சித்து வெல்ல நாணுவதும் மானம். நேர்மையாக மோதித் தோற்றதற்கு நாணுவதில் மானம் எங்கே இருக்கிறது? ரௌசியை வென்ற ஹோல்மும் 2016 மார்ச்சில் முதல் தற்காப்பிலேயே பட்டத்தை இழந்தார். களத்தில் நிற்பவர் எல்லாருக்கும் தோல்வி பொது.

நாம் செய்யத்தக்கவை

தோற்று வந்தவரிடம் முதலில் உடலைப் பற்றிக் கேட்போம். தலையில் அடியா, வாந்தியா, தூக்கமில்லையா என்று கேட்டு, வேண்டுமாயின் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வு நீங்காவிட்டால் மனநல மருத்துவரை நாடச் செய்வோம்; பல் வலிக்குப் பல் மருத்துவர் என்பதுபோல்தான் இதுவும். உயிரை வெறுத்துப் பேசினால் அதை விளையாட்டாக எண்ணாமல், தனியே விடாமல் உடனிருப்போம். 2022இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் உதவி எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அடுத்து, அந்த ஒரு தூணுக்கு அப்பால் அவரை அழைத்துச் செல்வோம். சமைக்கக் கூப்பிடுவோம், ஆளந்தி சாலையில் நடக்கக் கூப்பிடுவோம். “எப்போது மறுபடி மோதுவாய்?” என்று மட்டும் கேட்க வேண்டாம்.

மீள்வது என்பது மறுநாளே வெல்வதன்று. டோக்கியோவுக்குப்பின் களத்துக்கே திரும்புவேனா என்று ஐயுற்ற வினேஷ், 2022 செப்டம்பரில் பெல்கிரேடு உலகப் போட்டியில் முதல் மோதலிலேயே மங்கோலிய வீராங்கனையிடம் ஒரு புள்ளியும் எடுக்காமல் தோற்றார். மறுவாய்ப்புச் சுற்றில் மீண்டும் இறங்கி, அதே போட்டியில் வெண்கலம் பெற்றார். தோல்வி போய்விட்ட பிறகு அவர் எழவில்லை. தோல்வி உடனிருக்கும்போதே எழுந்தார்.

கடைசியாக ஒன்று. பிறர் வீழ்ந்த காட்சியை அனுப்பாதிருப்போம். மூளைக்காயத்தை மருத்துவர் ஆற்றுவார். ‘நான்’ என்னும் காயத்தைக் காலமும் பழக்கமும் ஆற்றும். மூன்றாம் காயத்தைச் செய்பவர்கள் நாமே. செய்யாதிருக்க மருந்தும் வேண்டாம், பொருளும் வேண்டாம்.

நான் எழுதிய அந்த வரியைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன். அதற்குள் அது எத்தனை கைபேசிகளுக்குப் போயிற்றோ! நண்பரிடம் மன்னிப்புக் கேட்டபோது, அவர் சிரித்துவிட்டு, “பால் வாங்கி வா” என்றார். இப்போது காலையில் சிறுவர்களுக்கு விழுந்தெழும் முறையைக் கற்றுத் தருகிறார். மறுபடி கூண்டுக்குள் புகுவாரா என்று நாங்கள் கேட்பதில்லை. நடைக்குப் போகும்போது அழைக்கிறோம், அவரும் வருகிறார்.